சுங்கக் கணக்கும் தறிக் கணக்கும்: கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்தி இலங்கையின் இறக்குமதித் தீர்வை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் வர்த்தகக் கொள்கை பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் அளவுகோல் ஒன்று உண்டு. ஓராண்டில் இறக்குமதித் தீர்வையாக அரசுக்குக் கிடைத்த வருமானத்தை அவ்வாண்டின் இறக்குமதிப் பெறுமதியால் வகுத்து வரும் வீதமே அது. சராசரித் தீர்வை வீதம் எனப்படும் இவ்வெண் உயர்ந்தால் நாடு தன் கதவை அடைத்துக்கொண்டது என்றும், தாழ்ந்தால் திறந்துவிட்டது என்றும் பொருள் கொள்ளப்படுகின்றது. கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்தில், குறிப்பாக மருதமுனைத் தறிகளின் பக்கம் நின்று நோக்கும்போது, இப்பொருள்கோள் பல இடங்களில் தலைகீழாகிவிடுவதைக் காண்கின்றோம். தறிகளுக்கு மிகக் கூடிய பாதுகாப்பு இருந்த காலத்தில் இவ்வெண்ணால் அதனைக் காட்ட முடியவில்லை. அது ஏன் என்பதை வரலாற்று நிலையில் விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, ஒலுவில், அக்கரைப்பற்று எனக் கடலோரமாகவும், உள்ளே சம்மாந்துறை வரையும் பரந்து கிடக்கும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள், இடையிடையே அமைந்த காரைதீவு முதலாய தமிழ் ஊர்களோடு சேர்ந்து ஒரே பொருளாதார வட்டமாக இயங்கி வந்துள்ளன. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இப்பிரதேசம் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாகவே இருந்தது. மேற்கே நெல்வயல், கிழக்கே கடல். மருதமுனையிலோ இவற்றுடன் நெசவும் சேர்ந்துகொள்கின்றது. மருதமுனைச் சாரனும் சேலையும் இலங்கையின் பிற பகுதிகளிலும் பெயர் பெற்றவை. இங்கே விளைவனவும் நெய்யப்படுவனவும் உள்நாட்டுப் பண்டங்கள். ஆனால் அவற்றின் விலையைத் தீர்மானித்தவை வெளியிலிருந்து வந்த அரிசியும் துணியுமே. 1928 இல் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை வந்தபின் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய சரக்குக் கல்முனைக் கடைத்தெருவை அடைதல் முன்னிலும் எளிதாயிற்று. தீர்வை கொழும்பிலே செலுத்தப்பட்டது. அதன் சுமை கல்முனையில் சாரன் வாங்கியவன் மீது இறங்கியது. சுங்கத் திணைக்களத்தின் பேரேட்டில் அவனுக்கு இடமில்லை.

சுங்கம் என்பது பிரித்தானியர் கொண்டுவந்த புதுமையன்று. கண்டி அரசின் மேலாண்மையில் கிழக்குக் கரை இருந்த காலத்தில், உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்து மலைநாட்டுக்கும், பாக்கு முதலாய பண்டங்கள் மலைநாட்டிலிருந்து கரைக்கும் சென்றன. பொதிமாட்டுத் தவளங்களை நடத்தியோரில் முஸ்லிம்கள் முக்கிய இடம் பெற்றனர். ஒல்லாந்தக் கம்பனியின் முறை இவ்வணிகத்திலிருந்து தீர்வை அறவிடுவதோடு நிற்கவில்லை. கறுவா, பாக்கு முதலாய பண்டங்களின் வணிகத்தையே அது தனியுரிமையாக்க முற்பட்டது. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவின் கரையோரம் முழுவதும் கம்பனியின் வசமானபோது, கண்டியரசு கடலுக்குச் செல்லும் வழியையே இழந்தது. தனியுரிமை நிலவும் இடத்தில் தீர்வை வீதம் என்ற பேச்சுக்கே பொருளில்லை. பிறர் கொண்டுவர முடியாத பண்டத்துக்கு வரி விதிக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லையன்றோ? இதே நிலை இரண்டு நூற்றாண்டுகளின் பின்னர் வேறொரு வடிவில் மீண்டு வந்தது. அதனைக் கீழே காண்போம்.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளைத் தொடர்ந்து 1833 இல் கறுவாத் தனியுரிமை நீக்கப்பட்டு, அதன் இடத்தில் கனத்த ஏற்றுமதித் தீர்வை விதிக்கப்பட்டது. அரசின் வருமானம் வணிக இலாபத்திலிருந்து தீர்வைக்கு மாறிய திருப்பம் இது. பின்னர்க் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1840களின் நடுப்பகுதியில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக வந்த எமர்சன் தெனன்ற், கட்டிலா வணிகக் கோட்பாட்டில் ஊறியவர். சுங்கத் தீர்வைகளைக் குறைத்து, அதனால் நேரும் இழப்பை நேர் வரிகளால் நிரப்ப வேண்டுமென அவர் விதந்துரைத்தார். தீர்வைக் குறைப்பினால் பயன் பெற்றோர் தோட்ட முதலாளிகளும் ஆங்கிலேய வணிகருமாவர். இழப்பை நிரப்ப வந்தவையோ துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி, வீதிகளில் ஆறு நாள் உழைப்பு அல்லது அதற்கீடான பணம் ஆகியவை. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சிக்கு இவை உடனடிக் காரணங்களாயின என்பது யாவரும் அறிந்ததே. சராசரித் தீர்வை வீதம் தாழ்வதை முன்னேற்றத்தின் அறிகுறியாக மட்டும் படிப்போர், அவ்வாறு தாழ்ந்தபோது பாரம் யாருடைய தோளுக்கு மாறிற்று என்பதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

இன்றும் சுங்க நிருவாகத்தின் அடிப்படைச் சட்டமாக இருப்பது 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டமே. பலமுறை திருத்தப்பட்டும் அதன் எலும்புக்கூடு மாறவில்லை. அக்காலத்துச் சுங்கம் எவ்வகையிலும் பாதுகாப்புச் சுங்கமாக இருக்கவில்லை. ஆலைத் துணிக்குத் தாழ்ந்த வீதம், உணவுக்கும் மதுவுக்கும் தனித்தனி வீதம் என அமைந்த வருமானச் சுங்கம் அது. அதில் கல்முனைக் கரையை நேரே தொட்டது அரிசித் தீர்வையாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்நாட்டு நெல்லுக்கு விளைவில் ஒரு பங்கு தானிய வரியாக அறவிடப்பட்டது. இறக்குமதி அரிசிக்குச் சுங்கத் தீர்வை இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்வன என்பது அதிகாரிகளின் வாதம். நடைமுறையிலோ தானிய வரி குத்தகைக்காரரின் கையிலும், பின்னர் பணமாக மாற்றப்பட்ட நிலையான மதிப்பீடுகளிலும் சிக்கி, வரி செலுத்த முடியாதோரின் நிலங்கள் ஏலத்திற்போக வழிவகுத்தது. வலப்பனைப் பகுதியில் நேர்ந்த அவலம் இலண்டன் வரை பேசப்பட்டது. 1892 இல் தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில் தானிய வரி ஒழிக்கப்பட்டது. அரிசித் தீர்வை தொடர்ந்தது. இதன் விளைவாக, வருமானத்துக்கென விதிக்கப்பட்ட தீர்வை எவரும் வெளிப்படையாகத் தீர்மானிக்காமலே உள்நாட்டு நெல்லுக்குப் பாதுகாப்பாக மாறிவிட்டது. தென்னிந்தியத் தொழிலாளருக்கு மலிந்த அரிசி வேண்டிய தோட்டத்துரைமாருக்கு இது கசந்தது. நெல் மிகை விளையும் மட்டக்களப்புத் தென்பகுதிக்கு இனித்திருக்க வேண்டும். ஆனால் இனித்தது யாருக்கு? வயலுடைய போடியாருக்கே. கூலியாக நெல் பெற்ற முல்லைக்காரனுக்கும், வயலில்லாத மீனவனுக்கும், தறிக்காரனுக்கும் அரிசி விலை உயர்வென்பது வாழ்க்கைச் செலவின் உயர்வேயாகும். ஒரே ஊருக்குள்ளேயே ஒரு தீர்வை இரு வர்க்கங்களை எதிரெதிர்த் திசைகளில் தள்ளுகின்றது. “பிரதேசத்தின் நலன்” என்ற ஒருமைச் சொல் இவ்விடத்தில் உதவாது.

துணியைப் பொறுத்தவரை திருப்புமுனை 1934 ஆகும். உலகப் பொருளாதார மந்தத்தின்போது யப்பானியப் பருத்தித் துணியும் செயற்கைப் பட்டும் இலங்கைச் சந்தைகளில் குவிந்தன. வறியோர் வாங்கக்கூடிய துணி அதுவாகவே இருந்தது. இலங்காசயர் ஆலைகளைக் காக்க எண்ணிய பிரித்தானிய அரசாங்கம், குடியேற்ற நாடுகளில் யப்பானியத் துணிக்கு அளவுக் கட்டுப்பாடு விதிக்குமாறு 1934 மே மாதத்தில் அறிவித்தது. சர்வசன வாக்குரிமையில் தெரிவான இலங்கை அரசாங்க சபை அதனை ஏற்க மறுத்தது. மறுப்பு மதிக்கப்படவில்லை, முடிக்குரிய கட்டளையொன்றினால் கட்டுப்பாடு திணிக்கப்பட்டது. மக்கள் வாக்கினால் அமைந்த சபை மலிந்த துணிக்காகப் பேசியதும், வெளியிலிருந்து வந்த கட்டளை ஆலை முதலாளிகளுக்காகப் பேசியதும் குடியேற்றவாதத்தின் இயல்பை நன்கு காட்டுகின்றன. சுங்கக் கணக்கில் இந்நிகழ்வின் தடம் விந்தையானது. தடுக்கப்பட்ட துணி உள்ளே வராமையால் அதற்குரிய தீர்வை வருமானமும் இல்லை. துணியின் விலையோ ஏறியது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறக்குமதித் துணி அருகியபோது நாடெங்கும் கைத்தறி பெருகியது. போர் முடிந்து ஆலைத்துணி திரும்பியபோது தறிகள் பல ஓய்ந்தன. சுதந்திரத்தின் பின்னர் இயற்றப்பட்ட 1949 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் கைத்தொழில் உற்பத்திப் பொருள்கள் சட்டம், குறித்த பண்டங்களை இறக்குமதி செய்வோர் உள்நாட்டு உற்பத்தியிலும் ஒரு விகிதத்தை வாங்கியாக வேண்டுமென விதிக்க வழி செய்தது. இதுவும் தீர்வையன்று, ஆயினும் தீர்வையின் வேலையையே செய்தது. அக்காலச் சுங்க வருமானத்தில் தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களின் ஏற்றுமதித் தீர்வை பெரும்பங்கு வகித்தமையையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். கொரியப் போர்க்கால விலையேற்றத்தோடு அது பொங்கியது, விலை வீழ்ச்சியோடு வற்றியது. ஏற்றுமதித் தீர்வையையும் இறக்குமதித் தீர்வையையும் பிரிக்காது “சுங்க வருமானம்” என ஒரே வரிசையாக எழுதிச் செல்லும் அட்டவணைகள் இறப்பர் விலையின் கதையைப் பாதுகாப்பின் கதையாகக் காட்டிவிடும் அபாயம் உண்டு.

1960 அளவில் அந்நியச் செலாவணி ஒதுக்கு வேகமாகக் கரைந்தது. முதலில் தீர்வைகள் உயர்த்தப்பட்டன. அது போதாதபோது உரிமப்பத்திரங்களும் தடைகளும் வந்தன. 1968 மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை தொடங்கியது. உணவு போன்ற அத்தியாவசியங்கள் நீங்கலான இறக்குமதிகளுக்குச் செலாவணியின் விலைக்கு மேல் 44 சதவீதம் கூடுதலாகச் செலுத்த வேண்டியதாயிற்று. அக்கூடுதல் பின்னர் 55 ஆகவும், 1972 இல் 65 ஆகவும் உயர்ந்தது. பொருளியல் நோக்கில் இது ஒரு தீர்வையே. ஆனால் கணக்கில் சுங்கத்தின் கீழ் வராமல் வேறு வருமானமாக எழுதப்பட்டது. புடவை இறக்குமதி சலுசல போன்ற அரச நிறுவனங்களின் கைக்கு வந்தது. வெளித்துணி அருமையாயிற்று. மருதமுனையில் தறியோசை ஓங்கியது இக்காலத்திலேயே.

இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றுகின்றது. கற்பனையான ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு நாடு 100 ரூபாவுக்கு அரிசியும் 100 ரூபாவுக்குத் துணியும் இறக்குமதி செய்வதாகவும், அரிசிக்குத் தீர்வையில்லை, துணிக்கு 50 சதவீதம் எனவும் கொள்வோம். தீர்வை வருமானம் 50 ரூபா. 200 ரூபா இறக்குமதியில் சராசரி 25 சதவீதம். துணித் தீர்வையை 200 சதவீதமாக உயர்த்த, துணி இறக்குமதி 10 ரூபாவாகச் சுருங்குவதாக வைத்துக்கொள்வோம். வருமானம் 20 ரூபா. மொத்த இறக்குமதி 110 ரூபா. சராசரி 18 சதவீதம். துணியை அறவே தடை செய்தால் சராசரி பூச்சியம். பாதுகாப்பு ஏற ஏற அதனை அளக்கும் எண் இறங்குகின்றது. உள்ளே வராத பொருளுக்கு நிறை கொடுக்கத் தெரியாத அளவுகோல் இது. 1970களின் நடுப்பகுதியில் இறக்குமதியின் பெரும்பகுதி அரிசி, மா, சீனி, எண்ணெய், உரம் எனச் சுருங்கியிருந்தமையை நினைவிற்கொண்டால், அவ்வாண்டுகளின் சராசரியைக் கொண்டு தறியின் நிலையை அளப்பது எவ்வளவு பொருந்தாதது என்பது புலனாகும்.

எனினும் அவ்வாண்டுகளைப் பொற்காலமாகப் பாடுவாரோடு எமக்கு உடன்பாடில்லை. துணியைத் தடுத்த அதே கட்டுப்பாடு நூலையும் சாயத்தையும் பங்கீட்டுப் பொருளாக்கிற்று. நூல் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே, பதிவு செய்யப்பட்ட தறிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வழங்கப்பட்டது. நூல் பங்கீடே பணமாக மாறக்கூடியதாயின், ஓடாத தறிக்கும் பதிவு கிடைப்பதில் வியப்பில்லை. நாட்டின் பல பாகங்களில் இவ்வாறு நிகழ்ந்தது. நூல் யாரிடம் இருந்ததோ அவரிடமே அதிகாரமும் இருந்தது. சொந்தத் தறியும் சொந்த நூலும் உடையவன் ஒருவன். முதலாளி தரும் நூலை வாங்கிப் பாவோடி, நெய்து கொடுத்துக் கூலி பெறுபவன் மற்றொருவன். அவன் வீட்டில் நூல் சுற்றிக் கொடுக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அக்கூலியே பொதுக்கூலி. பாதுகாப்பினால் உயர்ந்த சாரன் விலையில் எத்தனை சதம் இக்கடைசிப் படிவரை இறங்கியது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. அக்கூலி உயர்ந்ததோ இல்லையோ, வேலை இருந்தது. அது சிறிய விடயமன்று.

1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் இவ்வமைப்பைக் கலைத்தது. சான்றிதழ் முறை ஒழிக்கப்பட்டு, நாணயமாற்று வீதம் டொலருக்கு 16 ரூபா என ஒருமைப்படுத்தப்பட்டது. பெரும்பாலான அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கி, அவற்றின் இடத்தில் அத்தியாவசியப் பொருளுக்குப் பூச்சியம் முதல் ஆடம்பரத்துக்கு 500 சதவீதம் வரை செல்லும் தீர்வைப் படிகள் வந்தன. தடைகள் நீங்கி, வெவ்வேறு தீர்வைகளுக்குரிய பண்டங்கள் மீண்டும் உள்ளே வந்தமையால் சுங்க வருமானம் பெருகியது. வருமானக் கணக்கை மட்டும் பார்ப்பவனுக்கு 1977 இன் பின்னரே நாடு தீர்வையை நாடியது போலத் தோன்றும். தறிக்காரனின் அனுபவமோ இதற்கு நேரெதிர். வெளித்துணி கடைத்தெருவை நிறைத்தது. கைத்தறியும் சிறு விசைத்தறியும் நாடெங்கும் சரிந்தன. தறியை விட்டு மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் செல்வது கிழக்குக் கரையின் வாழ்க்கை முறையாயிற்று.

தறியின் நிலையை அறியத் துணியின் தீர்வையை மட்டும் நோக்குதல் போதாது. நூலின் தீர்வையையும் உடன் நோக்க வேண்டும். 1966 இல் கோடன் என்னும் பொருளியலறிஞர் விளக்கிய செயற்படு பாதுகாப்பு என்ற கருத்து இங்கே பயன்படும். வெளிச்சந்தையில் 100 ரூபா பெறும் சாரனில் நூலும் சாயமும் 60 ரூபா, நெசவின் பங்கு 40 ரூபா என எடுத்துக்கொள்வோம். துணிக்கு 50, நூலுக்கு 10 சதவீதம் தீர்வையாயின் சாரன் 150 ரூபா, நூல் 66 ரூபா. நெசவின் பங்கு 84 ரூபா. பாதுகாப்பு 110 சதவீதமாகின்றது. துணிக்குத் தீர்வையே இன்றி நூலுக்கு மட்டும் 5 சதவீதம் இருப்பின் நெசவின் பங்கு 37 ரூபாவாகக் குறைகின்றது. அதாவது அரசே தறிக்கு எதிராக வரி விதித்ததாகின்றது. இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட இப்பெருந்தூரம் நாட்டின் சராசரி வீதத்தில் ஒரு கீறலாகவேனும் தெரியாது.

1980 இல் சனாதிபதி தீர்வை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1991 இல் தீர்வைப் படிகள் 10, 20, 35, 50 என நான்காகவும், 1995 இல் 10, 20, 35 என மூன்றாகவும் குறைக்கப்பட்டன. தோட்டப் பயிர்களின் ஏற்றுமதித் தீர்வையும் 1990களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. பிரேமதாச அரசாங்கத்தில் வர்த்தக, கப்பற்றுறை அமைச்சராக இருந்தவர் கல்முனைப் பாராளுமன்ற உறுப்பினராகத் திகழ்ந்த ஏ. ஆர். மன்சூர் என்பது ஒரு சுவையான தற்செயல். தீர்வையைத் தீர்மானிப்பது நிதியமைச்சாதலால் அதற்கு மேல் இதில் பொருள் காண வேண்டியதில்லை. 1997 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் புடவை இறக்குமதித் தீர்வையை நீக்கியது. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளுக்கு மலிவான துணி கிடைப்பதே அதன் நோக்கம். கைத்தறிக்கு நூலும் மலிந்தது, போட்டித் துணியும் மலிந்தது. பாதுகாப்பு என்ற கணக்கே பூச்சியமாயிற்று. அவ்வேளையில் 1990 முதலான போர்ச்சூழலால் இக்கரையோரத்தின் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையிலான உறவு நைந்து, போக்குவரத்தும் சந்தையும் குலைந்திருந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பறித்தது. மருதமுனையின் கடலோர வீடுகளோடு தறிகளும் போயின.

அதன் பின்னரான காலத்தில் சராசரித் தீர்வை வீதம் வேறொரு வகையில் பொருளிழந்தது. சுங்கத் தீர்வை தாழ்ந்தே நிற்க, அதனருகே புதிய அறவீடுகள் முளைத்தன. 1979 ஆம் ஆண்டின் ஏற்றுமதி அபிவிருத்திச் சபைச் சட்டத்தின் கீழான செஸ், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான விசேட வர்த்தகப் பண்ட அறவீடு ஆகியவை அவற்றுட் சில. கேரி பேர்செல், எஃப். எம். சியாவுதீன் அஹ்சன் ஆகியோரின் ஆய்வின்படி, தீர்வையையும் இத்தகைய துணை அறவீடுகளையும் சேர்த்து நோக்கின் 2004 இற்கும் 2009 இற்கும் இடையில் இலங்கையின் சராசரிப் பாதுகாப்பு ஏறக்குறைய இரட்டித்தது. பெயரளவிலான சுங்கத் தீர்வையை மட்டும் பார்த்தால் இந்த ஏற்றம் புலப்படாது. சீனி, வெங்காயம், பருப்பு, கருவாடு ஆகியவற்றின் மீதான விசேட அறவீடு, அவ்வப்போது ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஓரிரவில் மாற்றக்கூடியது. இறக்குமதித் துணிக்கும் பின்னர் கிலோவுக்கு இவ்வளவு என நிறையடிப்படையில் வரி வந்தது. நிறைக்கு வரி விதிக்கும்போது விலை குறைந்த முரட்டுத் துணியே விகிதாசாரத்தில் கூடுதலாகச் சுமக்கின்றது. மெல்லிய விலையுயர்ந்த சேலை எளிதில் தப்புகின்றது. தறிக்கு இதனால் சிறு மறைப்புக் கிடைத்தது உண்மை. அதற்கு விலை கொடுத்தவர் ஏழை வாடிக்கையாளர் என்பதும் உண்மை.

இக்கரையோரத்துக்கென ஒரு துறைமுகமும் வந்தது. எம். எச். எம். அஷ்ரஃப் கப்பற்றுறை அமைச்சராக இருந்த காலத்திலிருந்து பேசப்பட்ட ஒலுவில் துறைமுகம், 2008 இல் பணி தொடங்கி டென்மார்க் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்டது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டது. வடக்கே கரை அரிக்கப்பட்டு மக்கள் நிலமிழந்தனர். வணிகக் கப்பல்கள் வரவில்லை. கல்முனைக்குரிய இறக்குமதி இன்றும் கொழும்பிலேயே தீர்வை செலுத்தி வருகின்றது.

2020 இல் செலாவணி நெருக்கடியால் இறக்குமதித் தடைகள் மீண்டும் வந்தன. அதற்குச் சற்று முன்னரே தடுக்கப்பட்டிருந்த மஞ்சள் தென்னிந்தியக் கரையிலிருந்து படகுகளில் கள்ளமாக வந்தது. சட்டபூர்வமான இறக்குமதி இல்லாத பண்டத்துக்குச் சுங்க வருமானம் ஏது? 2022 இல் டொலருக்கு 200 ரூபா அளவிலிருந்த நாணயமாற்று வீதம் சில வாரங்களுள் 360 ஐ எட்டியது. எந்தச் சட்டமும் இயற்றாமலே அது நூலுக்கும் சாயத்துக்கும் விதித்த தீர்வை, எந்த வரவுசெலவுத் திட்டமும் விதித்ததிலும் பெரிது. வெளிச்சாரனின் விலையையும் அதுவே உயர்த்தியது. நூலைக் கையிருப்பில் வைத்திருந்த முதலாளிக்கு அது இலாபம். அன்றன்று நூல் வாங்கியவனுக்கு முதலே முழுகியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோது, கனத்த வரிகளுக்குரிய ஊர்திகள் வந்திறங்கச் சுங்கத் திணைக்களத்தின் வசூல் பெருகியது. இறக்குமதிப் பெறுமதியால் அதனை வகுப்போருக்குச் சராசரி வீதமும் உயர்ந்தே தோன்றும். அவ்வுயர்வில் மருதமுனைத் தறிக்குரிய பங்கு எதுவுமில்லை. அதனைக் காண வேண்டுமாயின் துணியின் மீதான அறவீடு, நூலின் மீதான அறவீடு, நாணயமாற்று வீதம், நெசவுக் கூலி ஆகிய நான்கையும் ஆண்டுவாரியாக ஒரே அட்டவணையில் நிறுத்த வேண்டும்.